கார்க் கொட்டகையில் ஒரு கந்தோர்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் கூறிவைத்தனர். இவ்விரண்டையும் ஒருவாறு செய்து முடித்தவர்களுக்கு மூன்றாவது சோதனை ஒன்றும் உண்டு என்பதை நான் அனுபவத்திற் கண்டேன். இருக்கின்ற வீட்டின் ஒரு மூலையை வேறொன்றாக மாற்றிப் பார்ப்பதே அச்சோதனை. வெறும் நிலத்திலே வீடு கட்டும்போது நிலம் எதிர்வாதம் பேசுவதில்லை. பழைய மூலையொன்றை மாற்ற முற்பட்டாலோ, அங்கே கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்காகவும் வாதாட வீட்டில் ஒரு சட்டத்தரணி எழுந்துவிடுகிறார். உடைந்த துவிச்சக்கர வண்டிக்கு மகனும், வெடித்த ஊறுகாய்ச் சாடிக்கு அம்மாவும், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நானும் வழக்குரைத்த கதை எங்கள் வீட்டிலே நடந்தது.

வல்வெட்டித்துறையில் உள்ள எங்கள் வளவின் ஓரத்தில், படலைக்கு அண்மையில், ஐயா கட்டிய கார்க் கொட்டகை ஒன்று உண்டு. அதன் பிற்பகுதியை எழுத்து வேலைக்குரிய அறையாக மாற்றினோம். கந்தோர் என்று சொல்லுவதற்கு அது மிகச் சிறியது. ஆயினும் வீட்டார் அதற்கு வைத்த பெயர் அதுவே. அம்முயற்சியில் நாங்கள் கற்றுக்கொண்டவை, இவ்வாறான எண்ணமுடைய பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் புகுந்த வேலை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டதும், அம்மாதம் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறந்ததும் யாவரும் அறிந்ததே. ஆசிரியராகிய நாங்கள் வீட்டிலிருந்தே கணினி வாயிலாகப் பாடம் நடத்த வேண்டியவரானோம். நடு அறையிலே மேசையைப் போட்டு, மடிக்கணினியை வைத்து, மாணவருக்கு வணக்கம் சொல்லி வகுப்பைத் தொடங்கினேன். அன்று தொடக்கம் எங்கள் வீட்டின் ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கலாயின. அம்மாவின் வானொலி முதலில் ஓய்ந்தது. காலையில் வாய்விட்டுப் பாடும் தேவாரம் உதட்டசைவாகச் சுருங்கியது. அடுக்களையில் அரைக்கும் வேலை நான் வகுப்பு முடிக்கும்வரை காத்துக் கிடந்தது. முன்வாசலால் வந்து போனவர்கள் பின்வாசலைப் பழகிக்கொண்டனர்.

இவை யாவும் எனக்குக் கிடைக்கும் மதிப்பென்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் வகுப்பு எதிர்பாராது முன்னதாக முடிந்தது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குச் சென்றேன். வீட்டார் அனைவரும் அங்கே நிலத்தில் இருந்து உணவருந்திக்கொண்டிருந்தனர். ஒருவரும் பேசவில்லை. இளைய மகன் சம்பல் வேண்டும் என்பதைத் தாய்க்குக் கையாற் சைகை செய்து காட்டினான். அவளும் சைகையாலேயே, போதும் என்று மறுத்தாள். பிள்ளைகள் இதைப் பல வாரங்களாகப் பழகியிருந்தனர் என்பது அவர்கள் கைகள் அசைந்த வேகத்திலிருந்தே விளங்கிற்று. அன்றுதான் உண்மை உறைத்தது. என் வேலை இருக்க இடம் கேட்டு வீட்டுக்குள் வந்தது. வந்த பின்னர் வீட்டையே எடுத்துக்கொண்டது.

பாடசாலைகள் திறந்த பின்பும் அந்த மேசை நடு வீட்டை விட்டு நகரவில்லை. விடைத்தாள்களும் குறிப்புகளும் இணையவழிக் கூட்டங்களும் அதன்மீது நிலைபெற்றுவிட்டன. நோய் போய்விட்டது, அது கொண்டுவந்த வழக்கம் போகவில்லை.

முன்னோர் வகுத்த ஒழுங்கு

வீட்டில் இருந்து வேலை செய்வது நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ தலைமுறையினர் ஏடும் எழுத்தும் கற்றனர். அவற்றை நடத்தியவர்களுட் பலர் தம் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினர். ஆனால் அப்பழைய வீடுகளின் அமைப்பைச் சற்று நோக்குங்கள். வெளியாரோடு செய்யும் அலுவல்கள் சங்கடப்படலை, தலைவாசல், திண்ணை என்பவற்றோடு நின்றன. நாற்சார் முற்றமும் அதனைச் சுற்றிய உள்வீடும் குடும்பத்தாருக்கே உரியனவாக இருந்தன. வேலை வீட்டோடு இருக்கலாம். வீட்டின் நடுவில் இருத்தல் ஆகாது என்பதே அவ்வமைப்பின் கருத்து.

இக்காலத்து வீடுகளிலே கதவைத் திறந்தால் நேரே நடு அறை. திண்ணை மறைந்துவிட்டது. அதன் இடத்தை நிரப்பக்கூடியதாக எங்கள் வளவில் எஞ்சி நின்றது கார்க் கொட்டகை ஒன்றே. வீட்டோடு சேர்ந்தும் சேராமலும், தெருவுக்கு அண்மையாகவும் அடுக்களைக்குத் தூரமாகவும் அது நின்றது.

ஐயாவின் கார்

கொட்டகை வெறுமையாக இருக்கவில்லை. அதிலே ஐயாவின் ஒஸ்ரின் ஏ-40 நின்றது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திலே உற்பத்தியான 'சொமர்செற்' வகையைச் சேர்ந்தது அது. ஐயா அதனைப் பழைய காராகவே வாங்கினார். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் இவ்வளவு நெடுங்காலம் ஓடியதன் காரணத்தை இளைஞர்கள் அறியார். 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிலே பெற்றோல் அரும்பொருளாயிற்று. அந்நாளில் இப்பழைய வண்டிகளே மண்ணெண்ணெயைக் குடித்து ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதில் உயிர்பெறாது. முதலிற் சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெற்றோல் ஒரு சிறு மருந்துப் போத்தலில் இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நான் இரவுகளில் அரிக்கன் இலாம்பைத் தள்ளிப் பிடித்திருக்க, ஐயா துளிதுளியாக அதனை விடுவார். பிரசவ வேதனையுற்ற பெண்களையும் பாம்பு தீண்டிய ஒருவரையும் அந்தக் கார் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயா காலமான பின்பு கார் பெரும்பாலும் ஓடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் அது பல மாதம் அசையவேயில்லை. விற்றுவிட்டால் முழுக் கொட்டகையும் கிடைக்கும் என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"தம்பி, ஐயான்ரை காரை வித்துப்போட்டு, அது நிண்ட இடத்திலை கதிரையைப் போட்டு இருப்பியோ?"

அதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. வீட்டை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, அம்மாவிடமிருந்து ஒன்றைப் பறிப்பதாக முடியலாகாது. ஆகவே காரும் இருக்க வேண்டும், கந்தோரும் அமைய வேண்டும் என்று முடிவு செய்தோம். அளவுநாடாவை எடுத்தேன்.

அளவும் அனுமதியும்

கொட்டகையின் நீளம் 24 அடி. அகலம் 11 அடி. காரின் நீளம் ஏறத்தாழ 13¼ அடி. அதனைச் சுற்றி வரவும் பின்பெட்டியைத் திறக்கவும் இடம் விட்டு முன்பகுதிக்கு 15 அடி ஒதுக்கினோம். நடுச்சுவருக்கு அரையடி போக, எழுத்தறைக்கு எஞ்சியது எட்டரை அடி. எட்டரைக்குப் பதினொன்று என்றால் 93½ சதுர அடி. இரண்டு மேசை, இரண்டு கதிரை, ஒரு புத்தக அலுமாரி ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். அளந்து பார்க்கும்வரை எவரும் இதனை நம்பவில்லை. கொட்டகையிற் பாதிக்கு மேல் காருக்காக அன்றி, "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிய பொருள்களுக்காகவே இருந்தது.

சுவர் எழுப்புவதும் யன்னல் திறப்பதும் கட்டடத்தை மாற்றுவதாகும். இதற்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதி வேண்டுமா என்பதை வேலை தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நன்று. எங்களூரில் அது நகரசபை. ஒரு சிறு வரைபடத்தோடு முற்கூட்டியே சென்று விசாரிப்பது, கட்டிய சுவரை இடிப்பதிலும் இலகுவானது.

கதவில்லாத சுவர்

நடுச்சுவரில் ஒரு கதவு வைத்தால் மழைக்காலத்திற் காரிலிருந்து நேரே அறைக்குள் போகலாமே என்று நான் ஆசைப்பட்டேன். மேசன் வேலைக்கு வந்த பெரியவர் ஒரு கணம் யோசித்தார்.

"மாஸ்டர், கார் நிக்கிற பக்கம் ஓட்டை வையாதேங்கோ. பெற்றோல் மணம் நிலத்தோடைதான் ஊர்ந்து வரும்" என்றார்.

அவர் சொன்னது பௌதிக நூல் சொல்வதேயாகும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தரையை ஒட்டிப் பரவிப் பள்ளத்திலே தேங்கும். ஒரு மின்பொறி போதும், விபரீதம் விளைந்துவிடும். இயந்திரம் வெளிவிடும் காபனோரொட்சைட்டு வாயுவோ நிறமும் மணமும் அற்றது. மூடிய இடத்தில் மனிதன் அறியாமலே உயிரைக் குடிப்பது. ஆகவே காரும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதானால் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். நடுச்சுவர் வளையோடு நின்றுவிடாமல் ஓடுவரை சென்று, இடைவெளியின்றிப் பூசப்படல் வேண்டும். அதில் கதவோ யன்னலோ கூடாது. அறையின் தரை, கார் நிற்கும் தரையிலும் உயர்ந்திருத்தல் வேண்டும். நாங்கள் நான்கு அங்குலம் உயர்த்தினோம். வாசலைக் கிழக்குப் பக்கம், வீட்டு விறாந்தையை நோக்கி வைத்தோம். மண்ணெண்ணெய்க் கலன்களும் எண்ணெய்த் துணிகளும் வளவின் கோடியில் வேறொரு சிறு கொட்டிலுக்குப் போயின.

தரையில் இன்னொரு சங்கடம் இருந்தது. கார்க் கொட்டகையின் தரை, தண்ணீர் வடிய வாசலை நோக்கிச் சரிவாக இருப்பது வழக்கம். சரிவிலே கதிரையை வைத்தால் அமர்ந்திருப்பவர் மெல்ல மெல்லச் சுவரிடம் போய்ச் சேர்வார். பல்லாண்டு எண்ணெய் ஊறிய இடத்திற் புதுச் சீமெந்தும் பிடிக்காது. அப்பகுதிகளை உளியாற் கொத்தி அகற்றிவிட்டு, ஈரம் மேலேறாதிருக்கத் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேற் புதிய தளம் இட்டோம்.

உப்பும் காற்றும்

கடற்கரை ஊரிலே அறை அமைப்பவர் உப்பை ஒரு குடும்ப அங்கத்தவராகவே கருத வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே உப்பீரத்தைக் கொண்டுவருகிறது. ஆணி, பூட்டு, கணினி எதுவும் அதற்கு விலக்கில்லை. எங்கள் கொட்டகையின் வடபுறம் கார் நிற்பது இதற்கு நல்ல மறைப்பாயிற்று. பெரிய யன்னலைத் தெற்கே வைத்தோம். சோழகம் வீசும் காலத்தில் அக்காற்று நிலத்தின்மேலாக வருவதால் உப்புக் குறைவு, குளிர்ச்சியோ மிகுதி. மேற்கே, சுவரின் உச்சியில், சூடான காற்று வெளியேறச் சிறு துவாரம் விட்டோம். பூச்சு வேலைக்குக் கடற்கரை மணலைச் சேர்க்கலாகாது. அதிலுள்ள உப்பு சுவரிலே பூத்துப் பூச்சை உதிர்ப்பதோடு இரும்பையும் தின்றுவிடும். மலிவு என்று அதனைச் சேர்ப்பவர் இரண்டு முறை செலவு செய்வர்.

கூரையின் பனைவளைகளைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. வைரம் பாய்ந்த பனையைக் கறையான் தொடவில்லை. பக்கத்திற் சாத்தியிருந்த கள்ளிப்பலகைகள் மட்டுமே தூளாகியிருந்தன. ஓட்டின் கீழே வெப்பம் இறங்காதிருக்க, இடைவெளி விட்டுச் சீலிங் அடித்தோம். அஸ்பெஸ்ரஸ் தகட்டுக் கூரை உடையவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அதனை உலர்ந்த நிலையில் அறுப்பதோ துளைப்பதோ கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்வன.

வெளிச்சமும் மின்சாரமும்

பழைய கொட்டகையில் ஒரே ஒரு மின்குமிழ் இருந்தது. அதன் கம்பியிலிருந்தே கணினிக்கும் விசிறிக்கும் இழுத்துவிடலாம் என்று ஆலோசனை கூறியவர் பலர். அந்த ஆலோசனையைக் கேளாதிருப்பீர்களாக. 230 வோல்ற்று மின்சாரம் பழைய கம்பிக்கு இரங்குவதில்லை. வீட்டின் பிரதான பலகையிலிருந்து தனிச் சுற்று எடுத்து, 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சுடன், தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு இணைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னல்களின்போது கணினியின் செருகியைக் கழற்றி வைப்பது வீட்டு விதியாயிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்ததை மறவாமல், மின்கலத்தில் எரியும் விளக்கொன்றும் வைத்தோம்.

மேசையைப் பற்றிச் சில சொற்கள். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருதல் நல்லது; இன்றேல் தம் கையின் நிழலிலேயே எழுத நேரும். கணினித் திரை யன்னலுக்கு எதிரேயும் இருக்கலாகாது, யன்னலை முதுகாகவும் கொள்ளலாகாது. பக்கவாட்டில் இருத்தலே கண்ணுக்கு இதம். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கால்களின்மேல் நிறுத்துங்கள். மேசை பழையதாயினும் ஆகும். கூரை, மின்கம்பி, கதிரை ஆகிய மூன்றிலும் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். முதலிரண்டும் உயிரைக் காப்பன. மூன்றாவது முதுகைக் காப்பது.

இரண்டாவது திறப்பு

வேலை முடியும் தறுவாயில் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"அறைக்கு ஒரு திறப்போ, இரண்டு திறப்போ?"

கேள்வியின் ஆழம் எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் எங்கள் பகுதி மாதர் சங்கத்தின் கணக்கை எழுதிவருபவள். பத்து ஆண்டுகளாக அரிசிப் பெட்டியின் மூடியையே மேசையாகக் கொண்டு, அடுப்பில் ஒரு கண்ணும் பேரேட்டில் ஒரு கண்ணுமாக எழுதினாள். என் வேலைக்கு நடு அறை போதவில்லை என்று நான் சுவர் கட்டினேன். அவள் வேலைக்கு அடுக்களை மூலை போதும் என்று எவரும் தீர்மானிக்கவில்லை. எவரும் நினைத்துப் பார்க்கவுமில்லை. நான் வாசற்படியில் நின்று, நாணத்தோடு, இரண்டு என்றேன். இரண்டாவது மேசை அன்றே வந்து சேர்ந்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் ஒரு பழைய வரலாற்றை வேறு கண்ணோடு படித்தேன். 1938ஆம் ஆண்டு எங்கள் ஊரார் மறவாத ஆண்டு. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, எம்மூர் மாலுமிகளோடு கடல்கள் கடந்து, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதே ஆண்டில் அந்நாட்டின் மேற்குக் கரையில், பாலோ ஆல்ற்றோ நகரில், ஹியூலெற், பக்கார்ட் என்னும் இளம் பட்டதாரிகள் இருவர் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் மின்கருவி செய்யத் தொடங்கினர். அவர்கள் கையில் இருந்த முதல் 538 டொலர். பின்னர் உலகப் புகழ் பெற்ற நிறுவனமாக அது வளர்ந்தது. கலிபோர்னியா மாநிலம் அந்தக் கொட்டகையை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

கொட்டகையின் பெருமையைப் பேசுவோர் பக்கார்டின் மனைவி லூசிலை அதிகம் பேசுவதில்லை. தாம் வெளியே உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அந்நிறுவனத்தின் தொடக்ககாலக் கணக்கையும் எழுதியவர் அவர். கருவிகளின் முகப்புத் தகடுகளுக்குப் பூசிய வர்ணத்தை உலர்த்தியதோ அவருடைய சமையலறை அடுப்பில்! கொட்டகை இருந்தும் வேலை அங்கேயும் அடுக்களைவரை சென்றிருக்கிறது. சுவர் கட்டினால் மட்டும் போதாது, அந்தச் சுவரின் எப்பக்கத்தில் யாருடைய வேலை நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே நான் அதிலிருந்து கொண்ட பாடம்.

வீடு திரும்பி வந்தது

அறை தயாராகி, பால் காய்ச்சி, நடு அறையின் மேசையைத் தூக்கிச் சென்ற நாளிலே வீடு சட்டெனப் பெரிதாயிற்று. விறாந்தையிலிருந்து கந்தோருக்கு இருபது அடி தூரம். அந்த இருபது அடியை நடப்பதற்குள் தந்தை ஆசிரியராகிவிடுகிறார். திரும்பி நடக்கையில் ஆசிரியர் தந்தையாகிவிடுகிறார். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அறையைப் பூட்டுவது என்று விதி வகுத்தோம். விடைத்தாள் திருத்தும் காலத்தில் அவ்விதி தளர்வதுண்டு. ஆயினும் திறப்புகள் இரண்டும் சுவாமி அறை வாசலில் ஒரே ஆணியில் தொங்குவதால், விதியை மீறுபவர் யார் என்பது எல்லார்க்கும் தெரிந்துவிடுகிறது.

அம்மாவின் வானொலி மீண்டும் பாடுகிறது. அடுக்களையில் அரைக்கும் ஓசை கந்தோர்வரை கேட்கிறது. முன்பு இடையூறு என்று நான் எண்ணிய அவ்வோசை, இப்பொழுது வீடு நலமாக இருக்கிறது என்று வரும் செய்தியாக இருக்கிறது. இளைய மகன் சம்பலை வாய்விட்டுக் கேட்கிறான். தாய் வாய்விட்டே மறுக்கிறாள்.

சென்ற நவராத்திரியின் ஒன்பதாம் நாள் அம்மா ஒரு தட்டிலே சந்தனமும் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். முன்பாதியில் ஒஸ்ரினின் முகப்பிற்குச் சந்தனம் வைத்தார். பின்னர்ச் சுவரைச் சுற்றி வந்து, பின்பாதியில் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கும், மருமகளின் பேரேட்டுக்கும், சற்றுத் தயங்கி என் மடிக்கணினிக்கும் பொட்டிட்டார். ஆயுத பூசையும் சரசுவதி பூசையும் ஒரே கூரையின் கீழ் நடந்தேறின. வெளியே வந்தவர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயாவும் உங்கைதான் நிக்கிறார். பாத்துப் படிப்பி" என்றார்.